பிள்ளைபிடிப்பு வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வந்தால் முதல் அரைமணி நேரம் என்ன செய்வது?

பாலாறு (இழையைத் தொடங்கியவர்)

பிள்ளைபிடிப்பு வதந்தி 2018-ஓடு ஓய்ந்துவிடவில்லை. அன்றைக்கு வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் சுற்றிய அதே கதை 2024 தொடக்கத்தில் சென்னையில் மறுபடி கிளம்பியது. நம்பாதீர்கள் என்று போலீஸ் அறிவிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு முறை வரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் இந்த இழை. "சமூக ஊடகத்தால் எல்லாம் கெட்டுப்போச்சு" என்ற பொதுப்பேச்சு வேண்டாம். ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுக்கலாம் என்று மட்டும் பேசுவோம்.

வீடியோவை அநேகமாக எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவன் ஒரு சிறுவனை அப்படியே தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. சிசிடிவி பதிவு மாதிரி உயரத்தில் இருந்து எடுத்திருப்பார்கள். இடம் கராச்சி. காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு 2016-ல் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடுவார்கள், ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்க ஒரு கணம் போதும் என்பது அதில் உள்ள செய்தி. அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டியதுதான் மொத்த மோசடியும். மேலே அந்தந்த ஊர்ப் பேச்சில் ஒரு குரல் சேர்ந்துகொண்டது.

2018 மே 9 அன்று போளூர் பக்கம் அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளைபிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. 65 வயது அம்மா ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார், கூட வந்த நான்கு பேருக்குப் பலத்த காயம்.

வீடியோ குழுவில் விழுந்த முதல் அரைமணியில் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிஞ்சி

சரிபார்க்கும் வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இந்த மாதிரி வீடியோக்களில் பயமுறுத்துவது குரல், ஆனால் ஊரைக் காட்டிக்கொடுப்பது படம். கடைப் பலகையின் எழுத்து, சுவரொட்டி, பள்ளிச் சீருடை, வண்டி நம்பர் பிளேட், ஆட்டோவின் நிறம் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும். வண்டிகள் இடது பக்கம் போவதை வைத்து "நம்ம ஊர்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம். பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை எல்லாமே இடது பக்கம்தான். நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, காட்சி தெளிவாக இருக்கும் மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடவும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. பரப்புகிறவர்கள் படத்தை இடவலம் திருப்பிவிடுவார்கள், மேலே தமிழில் சிவப்பு எழுத்து ஓட்டுவார்கள், ஓரங்களை வெட்டுவார்கள். மூன்றுமே தேடலைக் குழப்பும். போனிலேயே படத்தைத் திருப்பி, எழுத்து உள்ள பகுதியை நறுக்கிவிட்டு மறுபடி தேடுங்கள். லென்ஸில் கிடைக்காதது யாண்டெக்ஸ் என்ற இன்னொரு தேடுபொறியில் கிடைப்பதுண்டு. கணினி இருந்தால் இன்விட் என்ற இலவச நீட்டிப்பு, வீடியோவை முக்கியமான தனித்தனிப் படங்களாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

குரல் பதிவு மட்டும் வந்தால் இந்த வழி எதுவும் உதவாது. அப்போது நான்கு கேள்விதான்: எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் காவல் நிலையம், பிள்ளையின் பெற்றோர் யார்? வதந்தி எப்போதுமே "பக்கத்து ஊர்ல", "நேத்து சாயங்காலம்" என்றுதான் பேசும். எந்த நாளில் கேட்டாலும் அது நேற்றாகவே இருக்கும். நான்கு கேள்வியையும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மருதம்

ஒரு மாறுபட்ட கருத்து. போனையே குற்றவாளி ஆக்குகிறோமோ என்று தோன்றுகிறது. பாலம் கட்டத் தலை வேணுமாம், பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு அலைகிறானாம் என்ற பேச்சு நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இருந்தது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் இந்தியாவைத் தாண்டி லண்டன் வரைக்கும் போனது. வாட்ஸ்அப் ஏது அப்போது? எஸ்.டி.டி. பூத்தும் லேண்ட்லைனும்தான். வெளியூர்க்காரனைக் கண்டால் சந்தேகப்படும் குணமும், போலீஸ் வராது என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. அதைப் பேசாமல் செயலியைப் பேசி என்ன பயன்?

குறிஞ்சி

மருதம், நீங்கள் சொல்லும் சந்தேகம்தான் விறகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயம் புதிது.

பழைய வதந்தியில் படம் கிடையாது. "கண்ணால பார்த்தேன்" என்று எல்லாரும் சொல்லும்படி ஆனது இப்போதுதான்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரே வீடியோ மாமா குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என நான்கு வழியாக வந்தால் மனசு அதை நான்கு சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது நான்கு கை மாறிய ஒரே கோப்பு. ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரிந்த ஒருவரின் பெயரில் வந்து நிற்பதால், யார் எடுத்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, வேகம். கர்நாடகத்தில் பீதர் மாவட்டம், 2018 ஜூலை 13. ஹைதராபாத்தில் இருந்து காரில் வந்தவர்கள் ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். சந்தேகப்பட்டு ஆள் கூடியதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆனால் கார் முர்க்கி என்ற அடுத்த ஊரைச் சேர்வதற்குள் அவர்களின் வீடியோ அங்கே போய்விட்டது. ஊர்க்காரர்கள் சாலையை மறித்துக் காத்திருந்தார்கள். ஒரு மென்பொருள் பொறியாளர் செத்தார், காப்பாற்றப் போன போலீஸாரும் அடிபட்டார்கள். வாய்வழி வதந்தி எதுவும் ஓடும் காரை முந்தியிருக்காது.

செவிலிமேடு

வீடியோவோடு வரிசையாகப் பிள்ளைகளின் சடலம் கிடக்கும் படம் ஒன்றும், "கிட்னி எடுத்துட்டாங்க" என்ற வாசகமும் வரும். அந்தப் படம் 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூத்தா பகுதியில் நடந்த விஷவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளுடையது. அந்தப் பெற்றோரின் துயரத்தை இங்கே பீதி கிளப்பப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கொடுமை.

மருத்துவக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், குழுவில் விளக்க உதவும். சிறுநீரகம் பொருத்த ரத்த வகை ஒத்துப்போக வேண்டும், கொடுப்பவர் செல்லும் பெறுபவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று தனிப் பரிசோதனை செய்ய வேண்டும், எடுத்த உறுப்பைக் குளிர்கரைசலில் வைத்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள், மிஞ்சினால் ஒன்றரை நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். இரண்டு அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், ஒரு பெரிய குழு இல்லாமல் நடக்காது. உறுப்பு வியாபார மோசடிகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் கடனில் மாட்டிய பெரியவர்களை ஏமாற்றி, பொய்க் காகிதம் தயாரித்து மருத்துவமனைக்குள்ளேயே நடந்தவை. வேனில் பிள்ளையைத் தூக்கிப்போய் அறுப்பது என்பது நடக்கிற காரியம் இல்லை.

கருவிப்பெட்டி

வாட்ஸ்அப் தரப்பில் என்ன மாறியது என்று யாரும் சொல்லவில்லையே.

2018 ஜூலையில் "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறி வந்தது. அதே மாதம் இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 பேர் அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி. 2020 ஏப்ரலில் இருந்து இரட்டை அம்பு போட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம். அந்த வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது.

ஓட்டை எங்கே என்றால், இந்த எண்ணிக்கை செய்தியோடு ஒட்டிக்கொண்டு போவது, வீடியோ கோப்போடு அல்ல. ஒருவர் கேலரியில் சேமித்து அங்கிருந்து புதிதாக ஏற்றினால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும், அம்புக்குறியும் போய்விடும். எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலும் அதே கதை. அதனால் "அம்பு இல்லை, அப்போ அவரே எடுத்ததுதான்" என்று நம்பக் கூடாது. குழுவின் அளவையும் 2022-ல் 256-ல் இருந்து 512, பிறகு 1,024 என்று கூட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் கதவைச் சாத்தி இன்னொரு பக்கம் சுவரை இடித்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

செய்யக்கூடியவை: ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தவும், குறிப்பாகப் பெரியவர்கள் போனில். தொட்டு இறக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள். பிரைவசியில் "குழுவில் யார் சேர்க்கலாம்" என்பதை "என் தொடர்புகள்" என்று மாற்றவும். குழு நிர்வாகி என்றால், பீதி கிளம்பும் நேரத்தில் "நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்ற அமைப்பை இரண்டு மூன்று மணி நேரம் போட்டு வைக்கலாம். நிர்வாகி, மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் அழிக்கலாம்.

வழக்குரை

அழிக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். ஆதாரம் போய்விடும்.

அனுப்பியவர் எண், குழுப் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும். உரையாடலை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வைக்கவும். நீதிமன்றத்துக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி (பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி) சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் ஒரு கைரேகை மாதிரியான குறியீடு) எழுத வேண்டும். அதனால் கோப்பைத் திருத்தாமல், பெயர் கூட மாற்றாமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டு வைத்தால் அதைத் தனி நகலில் செய்யுங்கள்.

பீதியைக் கிளப்பும் பொய்ச் செய்தி பரப்புவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 353-இன் கீழ் வரும், மூன்று ஆண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில், உண்மை என்று நம்ப நியாயமான காரணத்தோடு அனுப்பியவருக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. "ஃபார்வர்டு பண்ணினவன் எல்லாம் ஜெயிலுக்கு" என்று மிரட்டுவது சட்டப்படி சரியும் இல்லை, பலனும் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் அதே சட்டத்தின் 103(2): ஆயுள் அல்லது மரண தண்டனை. 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் எஸ்.பி. தகுதிக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஊரில் வதந்தி முற்றினால் அவருக்கே எழுத்தில் தெரிவிக்கலாம்.

நிர்வாகிகள் பயப்பட வேண்டாம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு நிர்வாகி தானாகவே குற்றவாளி ஆகமாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் தீர்ப்பளித்திருக்கின்றன.

கரவெட்டி

இலங்கையிலையும் இதே கதைதான் நடந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் உணவகத்தில சாப்பாட்டுக்குள்ள மலட்டு மாத்திரை கலக்கினம் எண்டு சண்டை. சிங்களத்தில கேட்ட கேள்வி சரியா விளங்காமல் கடைக்காரர் சொன்ன பதிலை ஒப்புதல் வாக்குமூலமாக்கி வீடியோ போட்டினம். அது மாத்திரை இல்லை, மாக்கட்டி எண்டு அரச இரசாயனப் பகுப்பாய்வில தெரிய வந்தது. ஆனால் அந்த முடிவு வரேக்கை வீடியோ எல்லா இடமும் போட்டுது. மார்ச் முதல் கிழமை திகன, கண்டிப் பக்கம் பள்ளிவாசலும் கடைகளும் எரிஞ்சது. மார்ச் 7 அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாத்தையும் முடக்கினது, கிட்டத்தட்ட ஒரு கிழமை. சனம் தடையைத் தாண்டுறதுக்கு வி.பி.என். போட்டுப் பார்த்தது. முடக்கினதால உறவினர் பத்திரமா எண்டு விசாரிக்கிறதும் நிண்டுபோச்சு.

2020-ல பேஸ்புக் நிறுவனம் தன்ர பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. நான் சொல்ல வாறது, மறுப்பு எந்த மொழியில வருது எண்டது பெரிய விஷயம். சிங்களத்தில பரவின பொய்க்கு ஆங்கிலத்தில மறுப்பு எழுதினால் அது பொய்யை நம்பினவையிட்டப் போகாது.

தறிநாடா

கரவெட்டி சொல்வதற்கு இந்தப் பக்கத்து உதாரணம் 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் இந்தியில் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கியபடி, ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. ஹோலி மார்ச் 8 என்பதால் ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தின் ரயில் நிலையப் படங்களே "தப்பி ஓடுகிறார்கள்" என்று போடப்பட்டன. படம் உண்மை, தேதியும் உண்மை, வாசகம் மட்டும் பொய். குறிஞ்சி சொன்ன படத் தேடல் இதைப் பிடிக்காது.

பலன் தந்தது என்ன? இந்தியில் அறிவிப்பும் உதவி எண்களும் வெளியிட்டது. பீகார், ஜார்க்கண்டில் இருந்து அதிகாரிகள் வந்து தொழிலாளர்களிடமே பேசியது. தொழிலாளர் ஒருவர் தன் வீட்டுக்குப் போன் செய்து "நல்லா இருக்கேன்" என்று சொல்வதற்கு இருந்த மதிப்பு எந்த அறிக்கைக்கும் இல்லை. அரசின் தகவல் சரிபார்ப்பகம் அந்த ஆண்டுதான் வந்தது, நல்லதுதான். ஆனால் அது வெளியிடும் மறுப்பு அட்டையை ஒரு நெசவாளர் குழுவில் யாராவது தெரிந்தவர் போட்டால்தான் படிப்பார்கள்.

நூலகத்திண்ணை

தறிநாடா சொன்ன கடைசி வரியில்தான் இருக்கிறது எல்லாம். வதந்தி நம்பப்படுவது தெரிந்தவர் கையால் வருவதால். மறுப்பும் அதே கையால், அதே குழுவுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் அடுத்தபடி.

அதனால் குழுவில் பலர் முன்னால் "இது ஃபேக், படிச்சவங்களே இப்படியா" என்று எழுதாதீர்கள். அனுப்பியவர் பெரும்பாலும் ஒரு அத்தையோ சித்தப்பாவோ, பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பியிருப்பார். நாலு பேர் முன் குட்டினால் தன் பேச்சைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், திருத்த மாட்டார். தனியாகப் போன் போடுங்கள். "அத்தை, நீங்க அனுப்பினதோட கடைசிப் பகுதியை வெட்டியிருக்காங்க, முழுசா அனுப்புறேன், பாருங்க" என்று தொடங்குங்கள். ஏமாற்றியது வேறொருவர், அத்தையும் ஏமாந்தவர் என்று ஆகிவிடும். பிறகு, "நீங்களே குழுவில ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று கேளுங்கள்.

அவர் வாயாலேயே முப்பது, நாற்பது நொடி குரல் பதிவு. எழுத்தைவிட அது நன்றாகப் போகும், படிக்கச் சிரமப்படுகிறவர்களும் கேட்பார்கள். அழிப்பதைப் பற்றி: "எல்லாருக்கும் அழி" இரண்டு நாள் சொச்சம் வரைக்கும்தான் வேலை செய்யும். பெரியவர்கள் தவறிப்போய் "எனக்கு மட்டும் அழி" என்பதைத் தொட்டுவிடுவார்கள். தன் திரையில் போய்விட்டதால் எல்லாரிடமும் போய்விட்டது என்று நம்பிவிடுவார்கள். உடனே கீழே "செயல்தவிர்" என்று சில நொடி தோன்றும், அதைத் தொட்டுவிட்டுச் சரியானதைத் தொட வேண்டும். அழித்தாலும் மற்றவர் கேலரியில் இறங்கியது இருக்கும். அதனால் அழிப்பது மட்டும் போதாது, மறுப்பு வேண்டும். எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுப்போடு பழைய வீடியோவை மறுபடி ஒட்டாதீர்கள். ஒலி இல்லாமல் பார்க்கிறவருக்கு அது இன்னொரு கடத்தல் வீடியோதான். காட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டின் குறுக்கே பெரிய எழுத்தில் "பொய். கராச்சி, 2016" என்று எழுதி அனுப்புங்கள்.

மருதம்

சரி, ஏற்கிறேன். ஆனால் அரைமணி தாண்டிவிட்டது, தெருவில் ஒருவரை ஏற்கெனவே சூழ்ந்துகொண்டார்கள் என்றால்?

வழக்குரை

112 அல்லது 100. முதல் வாக்கியத்திலேயே ஊர், தெரு, பக்கத்து அடையாளம், எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். "அடிக்கப் போறாங்க" என்பதை "சந்தேகப்படுறாங்க" என்று குறைத்துச் சொன்னால் ஒரு ஆள்தான் வருவார். கூடவே ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகி என்று கூட்டத்துக்குத் தெரிந்த முகங்களை வரவழையுங்கள். படம் எடுக்கிறவர்களைப் பதிவேற்ற விடாதீர்கள், பீதரில் நடந்தது நினைவிருக்கட்டும்.

ஓர் அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டுவது மட்டும் காப்பாற்றாது. 2018 ஜூலை 1, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம், ராயின்பாடா. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஊராட்சி அலுவலக அறைக்குள் வைத்தே கொன்றார்கள். பின்கதவு உள்ள கட்டடமாகப் பார்த்து, சீக்கிரம் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும்.

பாலாறு

திரிபுராவில் நடந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். 2018 ஜூன் 28. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் ஊர் ஊராகச் சொல்ல அரசுத் துறை ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. அவரையே பிள்ளைபிடிப்பவர் என்று அடித்துக் கொன்றார்கள். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்த ஊருக்கு அவர் வெளியாள். நூலகத்திண்ணை சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு மாதிரிக் குரல் பதிவு கீழே. பெயரையும் ஊரையும் மாற்றி, அனுப்பியவரையே பேசச் சொல்லுங்கள். இந்தி, தெலுங்கு, உருது தெரிந்தவர்கள் அந்தந்த மொழியில் கொடுத்தால் முதல் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம், நான் (பெயர்) பேசுறேன். காலைல நான் போட்ட பைக் வீடியோ நம்ம ஊர்ல நடந்தது இல்ல. பாகிஸ்தான்ல கராச்சியில விழிப்புணர்வுக்காக எடுத்த படமாம், கடைசியில அந்தப் பையனை இறக்கிவிட்டுடுறாங்க. அந்த இடத்தை வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க. (ஊர்) ஸ்டேஷன்ல கேட்டாச்சு, பிள்ளை காணோம்னு எந்தப் புகாரும் இல்லயாம். நீங்க யாருக்காவது அனுப்பியிருந்தா, நான் பேசுற இதையும் அவங்களுக்கே அனுப்பிடுங்க. புது ஆள் யாரையாவது பார்த்துச் சந்தேகமா இருந்தா 112-க்குப் போன் பண்ணுங்க, யாரும் கை வைக்காதீங்க."